கம்பி அடங்கும் வரை

ஹெட்போனை மாட்டிட்டேன். ஒரே மூச்சுல கேளுங்கக்கா, நடுவுல நிறுத்தாதீங்க, எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பாக்காதீங்கன்னு ஜோயல் தம்பி மெட்ராஸ்ல இருந்து மெசேஜ் போட்டிருக்கு. நானும் எங்க வீட்டுக்காரரும் பதிஞ்சு வச்சதையெல்லாம் அதுதான் தொடச்சு, தட்டிக்கொட்டி, வரிசையா அடுக்கி ஆல்பமா ஆக்கியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள நான் சரின்னு ஒரு வார்த்தை போட்டா வெளியீட்டுக்குப் போயிரும், அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. சரி, கேப்போம்னு பிளேயைத் தட்டுனா முதல் சத்தமே தறி நிக்கிற சத்தம். தடக் தடக்குன்னு ஓடிக்கிட்டிருந்தது தடுமாறி, இழுத்து, நின்னு போகுது. அப்புறம் ஒரு காக்கா. அப்புறம் என் கிட்டார். நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும், ஒரு காது ஹெட்போன்ல இருக்கு, இன்னொரு காது மேசை மேல கெடக்குற போன்ல இருக்கு. அவரு போனு சுவிட்ச் ஆஃப்னு சொல்லுது. ஆஸ்பத்திரிக்குள்ள போறப்ப அமத்தியிருப்பாரு, வேற என்ன. இந்த மனுசன் தியேட்டருக்குள்ள போனாலும் அமத்துவாரு, கல்யாண மண்டபத்துக்குள்ள போனாலும் அமத்துவாரு, அமைதின்னா அம்புட்டு மரியாதை. ஊசி குத்தித் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புனாங்கள்ல, அதோட ரிசல்ட் இன்னைக்கு. வலது காதுக்குக் கீழ, தாடை திரும்புற இடத்துல ஒரு கட்டி, ஊறப்போட்ட கொண்டக்கடலை மாதிரி. நானும் வர்றேன்னேன். ரெண்டு பேரும் போய் பெஞ்சுல உக்காந்து என்ன பண்ண, நீ கேட்டு முடிச்சுரு பொற்கொடி, அந்தத் தம்பி காத்துக்கிட்டிருக்கும், நான் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு சட்டையை இன் பண்ணிக்கிட்டுப் போனாரு. டாக்டரைப் பாக்கப் போறதுக்கு என்னத்துக்கு இன் பண்ணணும்னு எனக்குப் புரியலை.

முதல் பாட்டு முடியப் போகுது, நான் கேக்கவே இல்லை. நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருக்கு, நிறுத்தலை. செல்லூர்ல குடியிருந்துக்கிட்டு கிட்டார் ஆல்பம் போடணும்னு நினைச்சவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்க சந்துல வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையில ஆரம்பிச்சா சுவரு அதிரும், தம்ளர்ல தண்ணி நடுங்கும், சோத்துக்குள்ள பஞ்சு பறந்து வந்து விழும். இப்பவும் ஹெட்போனை மீறி உள்ள வருது, தடக் தடக்குன்னு, என் பாட்டுக்கு எவனோ தப்பாத் தாளம் போடுறான். ஸ்டுடியோவுக்குப் போயிருவோம்னு நான்தான் சொன்னேன். அவரு ஒத்துக்கலை. அங்க போனா நீ ரிசப்ஷன் கச்சேரிக்கு வாசிக்கிற மாதிரி வாசிப்ப, வீட்டுல உக்காந்து உனக்குன்னு வாசிக்கிறப்ப வர்றது அங்க வராதுன்னாரு. அவருக்குத் தெரியும், மெல்லிசைக் குழுவுல நான் கிட்டார், அவரு மைக் செட்டு, எத்தனை ரிசப்ஷன்ல கேட்டிருப்பாரு. அப்புறம் அவரேதான் வழி கண்டுபிடிச்சாரு. மாசாமாசம் பராமரிப்புன்னு பகல்ல கரண்டை நிறுத்துவாங்கள்ல, அன்னைக்குப் பதிவோம்னாரு. தறி நின்னுரும், மிக்ஸி நின்னுரும், சந்தே மூச்சு விடாமக் கெடக்கும், நம்ம ரெக்கார்டர் பேட்டரியில ஓடும். ஊரே ஈபிகாரனைத் திட்டிக்கிட்டு விசிறியோட வாசல்ல நிக்கும், நாங்க ரெண்டு பேரும் ஜன்னலைப் போர்வையால அடைச்சுக்கிட்டு உள்ள வேர்த்து வடிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்போம். அதனாலதான் ஆல்பத்துக்கு 'மின்தடை'ன்னு பேரு. பக்கத்து வீட்டுத் தறிக்காரரு மச்சக்காளை அண்ணன் ஒருநா கதவைத் தட்டி, என்னம்மா, கரண்டு போனா நாங்க அழுகுறோம், நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிறீங்கன்னு கேட்டாரு. இவரு முகத்தைப் பாக்கணுமே அன்னைக்கு, செவந்து போச்சு. சிரிச்சேனா இப்ப நான். சிரிச்சேன் போல. இன்னொருக்கா போன் போட்டுப் பாப்போம். சுவிட்ச் ஆஃப்.

இந்த இடம் பாரு, ரெண்டாவது பாட்டு முடியுற இடம், இதுக்காக அவருகிட்ட எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன். கடைசிக் கம்பியைத் தட்டிட்டா பாட்டு முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. கம்பி அடங்கணும். அதிர்ந்து அதிர்ந்து மெலிஞ்சு, மரத்துக்குள்ள போயி, அப்புறம் அறைக்குள்ள போயி, இனி இல்லைன்னு ஆகணும். அது வரைக்கும் அவரு வலது கையைத் தூக்கிக்கிட்டு நிப்பாரு, டிராபிக் போலீஸ் வண்டியை நிறுத்துற மாதிரி. அந்தக் கை கீழ எறங்குற வரைக்கும் தும்மல் வந்தாலும் தும்மக் கூடாது. ஒருக்கா முழங்கால்ல எறும்பு கடிச்சு நான் ஸ்ஸ்ஸுன்னதுக்கு அன்னைக்குப் பூரா பேசலை. பேசலைன்னா என்ன, சும்மாவே என்னத்தைப் பேசுவாரு. வீட்டுலயும் அந்தக் கைதான். கோயில் மணி அடிச்சா கை போயிரும் மேல, அது ஓயுற வரைக்கும் சாம்பாரு கேக்க மாட்டாரு. பழக்கம். எத்தனையோ வருசமா மத்தவங்க சத்தத்தைப் பிடிச்சுப் பிடிச்சு, தன் சத்தம் எதுலயும் விழுந்துறக் கூடாதுன்னே வாழ்ந்த மனுசன். இந்த ஹார்ட் டிஸ்க் பூரா நாங்க பதிஞ்சதுதான் டேக் டேக்கா கெடக்கு, நல்லது, கெட்டது, பாதியில விட்டது. ராத்திரி தூக்கம் வராம ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். என் இருமல் இருக்கு. காக்கா இருக்கு. மச்சக்காளை அண்ணன் தெருவுல காறித் துப்புறது இருக்கு. அவரு குரல் ஒரு இடத்துலயும் இல்லை. ஆரம்பின்னா தலையாட்டுவாரு, வேணாம்னா ரெண்டு விரலை ஆட்டுவாரு. எதுக்கு இப்ப அவரு குரலைத் தேடுறேன். ஆளு பஸ்ஸுல வந்துக்கிட்டிருப்பாரு, வந்ததும் காபி கேப்பாரு, அதுல கேட்டுக்கலாமே குரலை. என்ன புத்தி இது.

மூணாவது. இது அந்தக் கேசட்டுல இருந்து வந்தது. டவுன்ஹால் ரோட்டுப் பழைய கேசட் கடையில அட்டை இல்லாத கேசட் ஒண்ணு, எவரோ ஒரு அமெரிக்காக்காரர், கறுப்பு மனுசர்னு கடைக்காரர் சொன்னாரு, ஒத்தைக் கிட்டாரை வச்சுக்கிட்டு பாடுறாரு, பேரு தெரியாது, பாட்டு புரியாது. கல்யாணமான புதுசு. அந்த மாதிரிப் பாட்டுக்கு ப்ளூஸ்னு ஒரு பேரு இருக்குன்னே எனக்கு அப்பத் தெரியாது. இவரு கேட்டுட்டு, கேசட்டைச் சுத்தி மறுபடி முதல்ல இருந்து போட்டாரு. இது நம்ம ஊரு ஒப்பாரிதானேன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா எனக்கும் அதுதான் தோணுச்சு, சொல்லத்தான் தெரியலை. அந்த மனுசரு ஒரு சுரத்துக்கு ஏறவும் மாட்டாரு, எறங்கவும் மாட்டாரு, நடுவுல நின்னு தேம்புவாரு. கிட்டார்ல அந்த இடத்துக்கு ஃப்ரெட், அதான் வீணையில மெட்டு மாதிரி, கிடையாது. விரலை ஒரு ஃப்ரெட்டுல வச்சா பத்தலை, அடுத்ததுல வச்சா தாண்டிப் போகுது. அதுக்காகத்தான் நன்னாரி சர்பத் பாட்டில் கழுத்தை வெட்டிக் குடுத்தாரு. நூலை மண்ணெண்ணெயில முக்கிக் கழுத்தைச் சுத்திக் கட்டி, கொளுத்தி, தண்ணிக்குள்ள விட்டா டக்குன்னு கழண்டு வரும்னு எங்கயோ படிச்சிருக்காரு. வந்ததெல்லாம் சில்லு சில்லாத்தான் வந்துச்சு. கடைசியா ஒண்ணு ஒழுங்கா வந்துச்சு. விளிம்பைச் சிமெண்டுத் தரையில தேச்சுத் தேச்சு மழுக்கி, என் சுண்டு விரல்ல மோதிரம் மாதிரி மாட்டி விட்டாரு. கல்யாணத்துல மோதிரம் போட்டப்பகூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் இல்லை. அதைக் கம்பி மேல வச்சு வழுக்குனா, ஃப்ரெட்டே தேவையில்லை, நடுவுல எங்க வேணா நிக்கலாம். இந்தா கேக்குது பாரு, இங்கதான், இந்த வழுக்கல்தான். இதைப் பதிஞ்ச அன்னைக்கு அவரு ஹெட்போனை ஒரு பக்கமா விலக்கி வச்சிருந்தாரு. வலது காதுல அமுத்துதுன்னாரா. இல்லை, வேர்த்துச்சுன்னு விலக்குனாரா. இருங்க, இதை யோசிக்கணும். இது பதிஞ்சது ஐப்பசி மழைக்கு முந்தி. ஒச்சம்மாக்கா வந்து ஒப்பாரி பாடுனது தை. ஐப்பசியிலயே காதுல அமுத்துச்சுன்னா கட்டி அப்பவே இருந்திருக்குன்னு அர்த்தம். அப்பவே இருந்துச்சுன்னா அந்தப் பாட்டுக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இருக்குன்னு எவ சொன்னா இப்ப. யாரும் சொல்லலை. நானாத்தான் சொல்லிக்கிறேன்.

எங்கப்பா சிங்காரம் கறுப்புச் சட்டைக்காரரு. ராகுகாலம் பாத்துத்தான் என்னைப் பொண்ணு பாக்க வரச் சொன்னாரு. பூனை குறுக்க போனா நின்னு அதுக்குப் பிஸ்கட் போடுவாரு. அவரு மகளா நான். நான் செத்தா என் முன்னால எவளும் மாரடிக்கக் கூடாது, ஒப்பாரி கூடாது, சங்கு ஊதக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, அப்படியேதான் எடுத்தோம், சத்தமே இல்லாம. நான் அழுகைய வாயில துணியை வச்சு அடக்கிக்கிட்டு நின்னேன். அதுதான் வினையாப் போச்சு. ஒச்சம்மாக்கா ஒரு பேரு கேட்டப்ப அப்பா பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வாயைத் திறந்தேன். நாக்கு வரைக்கும் வந்துருச்சு சிங்காரம்னு. செத்தும் அவரை ஒப்பாரியில இழுக்கணுமா, வேணாம்னு சொல்லிட்டுப் போன மனுசரைன்னு ஒரு நொடி நின்னேன். அந்த ஒரு நொடிக்குள்ள இவரு முந்திக்கிட்டாரு.

ஒச்சம்மாக்கா உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்க வந்து, மார்க்கெட் வாசல்ல பருத்திப்பால் விக்கிது. எங்க எழவு விழுந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்க, போயி உக்காந்து எடுத்துக் குடுத்தா மத்த பொம்பளைக அது பின்னாடி போவாங்க. அது குரல்ல அந்த நடு இடம் தானா விழும். அதுக்காக என் ஆறு கம்பியையும் இறக்கி, அது சுருதிக்கு வச்சு, ஒரு மாசம் பழகிட்டுத்தான் கூப்பிட்டேன். கரண்டு நின்ன உடனே வந்துருச்சு. மைக்கைப் பாத்துச்சு, பாயில உக்காந்துச்சு, வெத்தலையைத் துப்பிட்டு, யாரு செத்ததுன்னு கேட்டுச்சு. யாரும் சாகலைக்கா, பாட்டுக்குத்தான்னேன். ஆளில்லாம எப்படித் தாயி அழுகன்னு கேட்டுச்சு. சும்மா பாடுங்கன்னேன். சும்மா அழுதா அது எவன் வீட்டைத் தேடிக்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியாது, ஒரு பேரு குடு, செத்த பேரா குடு, அது மேல போட்டுட்டுப் போறேன்னுச்சு. பேரு கேட்டது ஒரு தப்பா. தொழில் தெரிஞ்சவ கேக்குறது. நான் அப்பான்னு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன், இவரு ரெக்கார்டர்ல பேட்டரியைப் பாக்குறாரு, கரண்டு வந்துருமேன்னு தவிக்கிறாரு. என் பேரைப் போட்டுப் பாடுங்கக்கா, திரவியம், பாட்டுல வச்சா பொருத்தமாத்தான் இருக்கும்னாரு. சிரிச்சுக்கிட்டே. ஒச்சம்மாக்கா சிரிக்கலை. உசுரோட இருக்குற ஆம்பளை பேரையான்னு என்னைப் பாத்துச்சு. நான் என்ன சொன்னேன். ஒண்ணும் சொல்லலை. கறுப்புச் சட்டைக்காரர் மக, பயமா இருக்குன்னு சொல்ல வெக்கம். அது முந்தியை இழுத்துச் செருகிட்டு, அப்பச் சரி, ஆனா முடிக்கையில நான் உன்னை மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவேன் தம்பி, இருக்கேன்னு நீ சத்தமாச் சொல்லணும், சொல்லிட்டா கழிஞ்சிரும், சொல்லாட்டி நான் பொறுப்பில்லைன்னுச்சு. சொல்லிர்றேன்க்கான்னு தலையை ஆட்டிட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, என்னைப் பாத்து மறுபடி தலையாட்டுனாரு, ஆரம்பின்னு.

வந்துருச்சு. கடைசிப் பாட்டு இதுதான். முதல்ல என் வழுக்கல், சர்பத் பாட்டில் கம்பி மேல முனகிக்கிட்டு ஏறுது. வேகமே இல்லாம, எங்கயும் போக மனசில்லாம ஏறுது. அப்புறம் அது குரல். ஊருச் சத்தம் அத்தனையும் பொட்டிக்குள்ள வச்சீக, உங்க சத்தம் ஒண்ண மட்டும் எங்க வச்சுப் போனீக, ஏ என் திரவியமே. எங்கிருந்து எடுத்துச்சு இதை. அறைக்குள்ள வந்து கால் மணி நேரம் ஆகலை, ரெக்கார்டரைப் பாத்துச்சு, வாயைத் திறக்காம நிக்கிற இவரைப் பாத்துச்சு, கட்டிருச்சு பாட்டை. பொண்டாட்டி வாயால பாடுறதுதானே ஒப்பாரி. அது பாடுனது என் வாயால. எனக்காக அது அழுதுக்கிட்டிருக்கு, நான் பக்கத்துல உக்காந்து ரசிச்சு ரசிச்சு கிட்டார் வாசிக்கிறேன். என் வாழ்க்கையில நான் வாசிச்சதுலயே நல்ல வாசிப்பு இது, அதுதான் கொடுமை. ஜோயல் தம்பி போன்ல சொல்லுச்சு, அக்கா, அந்த என் திரவியமேன்னு வர்ற இடத்துல புல்லரிக்குதுக்கா, பொக்கிஷம்னுதானே அர்த்தம்னு. ஆமா தம்பின்னேன். ஜோயலுக்கு இவரு எப்பவும் அண்ணன்தான், பேரைக் கேட்டதே இல்லை. பொக்கிஷம்தான். எல்லா ஒப்பாரியிலயும் வர்ற வார்த்தைதானே, தங்கமே, திரவியமேன்னு. கேக்குறவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்லை. எனக்கும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டா என்ன. வார்த்தை, வெறும் வார்த்தை. இந்தா மறுபடி வருது, என் திரவியமே. வார்த்தை இல்லை, பேருதான், என் வீட்டுக்காரர் பேரு, ரேசன் கார்டுல இருக்குற பேரு. எனக்குப் பயமா இருக்கு.

முடியுது. என் கடைசிக் கம்பி, கீழ்க் கம்பி, தட்டிட்டு விட்டேன், அதிருது, அதிருது, மெல்ல ஜோயல் அதைக் குறைச்சுக்கிட்டே போகுது, காணாமப் போச்சு. அவ்வளவுதான். ஆல்பம் முடிஞ்சது. ஒச்சம்மாக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுல இல்லை. ஜோயல் வெட்டிருச்சு. பாட்டோட சேராத சத்தம்னு நினைச்சு வெட்டியிருக்கும், அது மேல என்ன தப்பு. அப்ப இந்த ஆல்பத்துல அவரு பேரைப் போட்டு அழுதாச்சு, கூப்பிட்டுக் கழிக்கலை. கேக்குறவன் ஒவ்வொருத்தன் வீட்டுலயும் அழுதுக்கிட்டே இருக்கும், கூப்பிடவே கூப்பிடாது. வெட்டாத டேக் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. ராத்திரியும் திறந்தேன், அது கூப்பிடுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன். கேக்காமலே தெரியும் என்ன இருக்குன்னு. கம்பி அதிர்ந்துக்கிட்டிருக்கு, ஒச்சம்மாக்கா திரவியம்னு கூப்பிட்டுச்சு. இவரு கையைத் தூக்குனாரு. அட மனுசா, உன்னைத்தான்யா கூப்பிடுது. கம்பி அடங்கலையாம். கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு, ஏ திரவியம்னு மறுபடி கூப்பிடுது, கை அப்படியே நிக்கிது, இருக்கேன்னு அந்தக் கையாலயே சொல்ற மாதிரி அதை ஒரு ஆட்டு ஆட்டுறாரு. நானாவது சொல்லியிருக்கலாம்ல, சொல்லுங்கன்னு. எனக்கும் அந்தக் கைதானே பழக்கம், கை மேல இருந்தா நான் மூச்சே விட மாட்டேன். மூணாவதும் கூப்பிட்டுச்சு. கம்பி அடங்குச்சு. கை எறங்குச்சு. எறங்கவும் கரண்டு வந்துருச்சு, தறியெல்லாம் ஒண்ணாப் பிடிச்சு ஓட ஆரம்பிச்சிருச்சு, அந்தச் சத்தத்துக்குள்ள இருக்கேன்க்கா, இங்கதானே இருக்கேன்னு இவரு சொன்னது எனக்கே வாயசைப்பாத்தான் தெரிஞ்சுச்சு. ஒச்சம்மாக்கா எந்திரிச்சுருச்சு. கையைத் தூக்குனா காதுல கேக்குமா தம்பின்னு மட்டும் கேட்டுச்சு. காபி போட்டிருந்தேன், குடிக்கலை. இன்னொருக்கா வந்து கூப்பிடுங்கக்கான்னு கட்டி தெரிஞ்ச பிறகு மார்க்கெட்டுக்குப் போய்க் கேட்டேன், ஏன்னு நான் சொல்லலை. ஒரு ஆளுக்கு ஒருக்காதான் தாயி அழுகுறதுன்னுட்டு பருத்திப்பாலை ஆத்திக்கிட்டே இருந்துச்சு. பங்குனியிலதான் கட்டி கைக்குத் தட்டுப்பட்டுச்சு, சவரம் பண்றப்ப. ஹெட்போன் அமுத்தி அமுத்தி வந்திருக்கும்னாரு. புது ஹெட்போன் வாங்குனாரு, மெத்து மெத்துன்னு. இதுதான், இப்ப என் தலையில இருக்குறது. ஐப்பசியில ஹெட்போனை விலக்குனாரா இல்லையா. விலக்குனாரு. வேர்வைக்கா, வலிக்கா. கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கலாம் அந்த மனுசன். வேர்க்குதுன்னோ வலிக்குதுன்னோ.

ஜோயல் மெசேஜ் போட்டிருக்கு. கேட்டாச்சாக்கா, ஓகேவான்னு. பதில் போடலை. போன் போட்டுப் பாத்தேன், சுவிட்ச் ஆஃப். போனுன்னா வாங்குனது எதுக்கு, பேசத்தானே. அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நினைச்சுப் பாத்தேன். பொற்கொடி, கட்டி கட்டிதாம்மா, பாட்டு பாட்டுதாம்மான்னு சொல்லியிருப்பாரு. சரிதான்ப்பா. உங்களுக்கு ஒப்பாரி வேணாம்னு நான் நின்ன ஒரு நொடிதான்ப்பா. தறி ஓடுது, ஓடுது, மண்டைக்குள்ள ஓடுது. நிறுத்துங்கடான்னு கத்தணும் போல இருக்கு. நின்னுருச்சு. சத்தியமா நின்னுருச்சு. ஒவ்வொரு வீடா, தடக், தட, த, அப்புறம் ஒண்ணும் இல்லை. ஃபேன் சுத்தி ஓஞ்சது. இன்னைக்கு நிறுத்தம்னு அறிவிப்பு ஒண்ணும் இல்லையே. தெருவுல மச்சக்காளை அண்ணன் ஈபிகாரனைத் திட்ட ஆரம்பிக்கிறாரு. ஹெட்போனைக் கழட்டிட்டேன். மாடிப்படியில செருப்புச் சத்தம். இடது செருப்பு இழுத்து இழுத்து வரும், வார் லூசு, மாத்துங்கன்னா மாத்த மாட்டாரு.

வந்தாரு. இன் பண்ணுன சட்டை பாதி வெளிய வந்திருந்துச்சு. சொம்புல தண்ணி மொண்டு குடிச்சாரு. காலிச் சொம்பை நான் வாங்கிக்கிட்டேன். கெட்ட கட்டிதானாம் பொற்கொடின்னாரு. சின்னதா இருக்கப்பவே பாத்தது நல்லதுன்னாரு டாக்டரு, அறுத்து எடுத்துரலாம், அப்புறம் கதிர்வீச்சு, அதான் கரண்டு வைக்கணும்னாரு. முகத்துக்குப் போற நரம்பு அது வழியாத்தான் போகுதாம், பாத்துத்தான் எடுப்பாங்க, ஆனா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டாலும் இழுத்துக்கும், பேச்சு கொஞ்ச நாளைக்குக் குழறும்னாரு. நான்தான் அவ்வளவாப் பேசுறதில்லையே டாக்டர்னு சொன்னேன், அவரு சிரிச்சுட்டாரு. இதைச் சொல்லிட்டு இவரும் சிரிச்சாரு. அப்புறம் தலையைச் சாய்ச்சு, லைன் போயிருச்சா, நல்ல அமைதியா இருக்கேன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. அழுகை வரலை. இந்த மனுசனைப் பிடிச்சு உலுக்கணும்னு வந்துச்சு. இங்க உக்காருங்கன்னேன். எதுக்குன்னாரு. உக்காருங்கன்னா உக்காருங்க. பாயில உக்கார வச்சு, ரெக்கார்டரை எடுத்து, அவரு வாய்க்கு நேரா மைக்கை வச்சேன். இந்தக் கல்யாணத்துல அவருக்கு மைக் வச்சது அதுதான் முதல் தடவை. என்ன பண்றன்னு கேட்டுக்கிட்டே பழக்கத்துல மைக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சாரு, ரொம்பக் கிட்ட இருக்குன்னு. நான் மறுபடி கிட்ட வச்சேன். லேப்டாப்புல வெட்டாத டேக்கைத் திறந்து, ராத்திரி நான் நிறுத்துன இடத்துல இருந்து விட்டேன்.

கம்பி அதிருது. அந்தத் தை மாசத்து அறை லேப்டாப்புக்குள்ள இருந்து இந்த அறைக்குள்ள வருது. திரவியம்னு ஒச்சம்மாக்கா கூப்பிடுது. அவருக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சும் கை தானா மேல போகுது. என்னையும் மீறி நானும் மூச்சைப் பிடிச்சேன். ஏ திரவியம். அந்தக் கையை எட்டிப் பிடிச்சு கீழ இழுத்து, என் மடியில வச்சு ரெண்டு கையாலயும் அமுத்திக்கிட்டேன். என்னைப் பாக்குறாரு. கம்பி, கம்பின்னு கண்ணாலயே கெஞ்சுறாரு. நான் விடலை. மூணாவது தடவை அது கூப்பிடுறப்ப குரல் உடைஞ்சிருக்கு, அன்னைக்கு நான் அதைக் கவனிக்கலை. இருக்கேன்னாரு. பேசிப் பழகாத ஆளு, ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டாரு, சத்தம் அளவு மீறிருச்சுன்னு ரெக்கார்டர்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. கம்பி இன்னும் அடங்கலையே, டேக் கெட்டுப் போச்சேன்னாரு. கெட்டா கெட்டுப் போகுதுங்க, இன்னொருக்கா சொல்லுங்கன்னேன்.